ஏழாம் நம்பரில் என் பாதி

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விட்டுக்கலாமா தம்பி? காத்து வராதுதான், தெரியுது. ஆனா வெயில் நேரா என் மடியில விழுது. எனக்கு ஒண்ணும் இல்லை, திண்டுக்கல் வெயில்ல காஞ்ச உடம்பு இது. இந்தப் பைக்குள்ள இருக்கிறது தாங்காது. ஆங், போதும் போதும். புண்ணியமாப் போகும்.

நீங்க எதுவரைக்கும்? நத்தமா? நல்லது, நான் திண்டுக்கல். நத்தம் வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. அது என்ன கையில, ஸ்கேன் கவரா? அதை அந்தப் பக்கமா வச்சுக்கங்க தம்பி, முனை வந்து என் பையில இடிக்குது. யாருக்கு, அப்பாவுக்கா? வயித்துலயா? சரியாயிரும், சரியாயிரும். இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து வந்துருச்சு.

பையில என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே. ஒரு ஆளு மஞ்சப்பையைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில வச்சிருக்கானே, என்னடான்னு தோணலையா? காமிக்ஸ் புத்தகம் தம்பி. படக்கதை. ஒரே ஒரு படக்கதைப் புத்தகம். சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க, விலையைச் சொன்னா வாயை மூடிக்குவாங்க. இன்னைக்குக் காலையில வரைக்கும் இதுக்கு ஒரு விலை இருந்துச்சு. அந்த விலைக்கு எங்க ஊர்ல ஒருத்தன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வீடு வந்து சேரலாம். இப்ப இதைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர் கடையில போட்டா தராசுத்தட்டு கூட ஆடாது.

யாரால? எல்லாம் ஞானப்பிரகாசத்தால. செத்துப்போனான், சரி. செத்தவனைத் திட்டக்கூடாதும்பாங்க. நான் திட்டுவேன் தம்பி. எனக்கு உரிமை இருக்கு. அரைடிராயர் போட்ட நாள்ல இருந்து பழக்கம்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு விளங்கும். என் பேரு தனுஷ்கோடி. கூட்டுறவுப் பண்டகசாலையில இருந்து ரிட்டையர் ஆனவன். பழைய காமிக்ஸ் சேக்கிறதுதான் என் தொழில், பொழுதுபோக்கு, எல்லாம். சேக்கிறதுன்னா வாங்கிப் படிச்சுட்டுப் பரண்ல போடுறது இல்லை. முதலீடு. நிலத்துல போட்டா வில்லங்கம் வரும், நகையில போட்டா திருடன் வருவான். பழைய காமிக்ஸை எவன் திருடுவான்? வருஷம் ஏற ஏற விலை ஏறும். சின்ன வயசுல படிச்சுட்டுத் தொலைச்ச பயலுக எல்லாம் இப்போ பெரிய வேலையில உக்காந்துக்கிட்டு, அதே புத்தகம் வேணும், அதே அட்டை வேணும்னு அலையுறாங்க. அலையட்டும். நமக்கு நல்லதுதானே?

எங்க வீட்டுல ஒரு ரூம் முழுக்கப் புத்தகம். ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் உறை. ரூமுக்கு ஏசி போட்டிருக்கேன். என் வீட்டுக்காரி கேட்டா, மனுஷங்க புழுங்கிச் சாகுறோம், தாளுக்கு ஏசியான்னு. தாள் உப்பிரும்டி, நீ உப்ப மாட்டேன்னு சொன்னேன். தமாசுக்குச் சொன்னதுதான். கோவிச்சுக்கிட்டுத் திருப்பூர்ல மகன் வீட்டுக்குப் போனவ இன்னும் வரலை. பொம்பளைங்களுக்குத் தமாசு புரியாது தம்பி.

நான் அந்தப் புத்தகங்களைப் படிக்கிறது கிடையாது. பிரிச்சாலே முதுகு வெடிக்கும், விலை போயிரும். நடுவுல அடிச்ச கம்பிப் பின் துருப்பிடிச்சிருந்தா கழட்டிட்டுப் புது பின் போடுவேன். துரு தாளைத் தின்னுரும். கறை இருந்தா பிளேடை வச்சு நோகாம சுரண்டுவேன். அந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், முதல் பக்கத்துலயே பேரை எழுதி வைக்கிறது. இன்னார், ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு. இதைத் திருடாதே, திருடினால் சாமி கண்ணைக் குத்தும். அதையெல்லாம் நல்ல ரப்பரா வாங்கி அழிச்சு எடுப்பேன். ஒருத்தன் பேரு இருந்தா அது அவன் புத்தகம். பேரு இல்லைன்னாத்தான் அது சரக்கு.

எங்க ஆளுகளுக்குள்ள ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. ஊர் ஊருக்கு ஆளு. யாருக்காவது ஒரு பழைய புத்தகம் கிடைச்சா, அசலா, பின்னாடி எவனாவது அதே மாதிரி அடிச்சு விட்டதான்னு சந்தேகம் வரும். போலி நிறைய ஓடுது தம்பி. பழைய தாளை வாங்கி அதுல அடிக்கிறான், சாயம் போட்டுப் பழுக்க வைக்கிறான். அப்ப என்னைத்தான் கேப்பாங்க. தாளை மோந்து பார்த்தே சொல்லிருவேன். தனுஷ்கோடி அண்ணன் அசல்னு சொன்னா அசல், போலின்னு சொன்னா போலி, அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இத்தனை வருஷத்துல சம்பாதிச்ச பேரு அது.

திருப்பத்தூர் வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? வேணாமா? நானும் இறங்க மாட்டேன். பையை வச்சிட்டு இறங்க முடியாது, கையில எடுத்துட்டு இறங்குனா டீ சிந்தும்.

இந்த ஞானப்பிரகாசம் எங்க தெரு. மணிக்கூண்டு பக்கத்துல சின்னதா பிரேம் கடை வச்சிருந்தான். சாமி படம், கல்யாண போட்டோ, செத்தவங்க போட்டோ எல்லாத்துக்கும் கண்ணாடி போட்டுக் கொடுப்பான். அவன்கிட்டயும் காமிக்ஸ் இருந்துச்சு. ஆனா அவன் வச்சிருக்கிற லட்சணம்! கடையில பசைக்கும் மரத்தூளுக்கும் நடுவுல அடுக்கி வச்சிருப்பான். மத்தியானம் சோறு தின்னுக்கிட்டே படிப்பான். நாலு பக்கத்துல சாம்பார் பட்டிருக்கும். மக ரெஜினா சின்னப் பிள்ளையா இருந்தப்ப கொரல் மாத்தி மாத்திப் படிச்சுக் காட்டுவான், அது கெக்கேபிக்கேன்னு சிரிக்கும். நான் சொல்லுவேன், டேய், நீ காசைக் கரைச்சுக் குடிக்கிறடா. அவன் சொல்லுவான், படிக்காத காமிக்ஸ் எதுக்கு கோடி, பிரேம் போட்டு மாட்டவான்னு. அவன் மட்டும்தான் என்னைக் கோடின்னு கூப்பிடுவான். இனிமே கூப்பிட ஆள் இல்லை.

இருங்க, விஷயத்துக்கு வர்றேன். சிவகாசியில அப்ப தங்கத்தேர் காமிக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு. கொஞ்ச நாள்தான் வந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. அதுல பனிமலைப் பைரவன்னு ஒரு கதை. அந்த வரிசையில ஏழாம் நம்பர் மட்டும் எவன்கிட்டயும் இல்லை. ஏன்னா அது அச்சாகி வெளிய போறதுக்குள்ள பிரஸ்ஸுல தீப்பிடிச்சு எல்லாம் சாம்பலாப் போச்சு. ஒரே ஒரு கட்டு மட்டும் முன்னாடியே பார்சல் ஆகி எங்க ஊர் ஏஜெண்டுக்கு வந்துருச்சு. தீபாவளிக்கு மொத நாள். அதுல ஒண்ணை வாங்குனது யாரு? நானும் ஞானமும். ரெண்டு பேரும்! நல்லாக் கேட்டுக்கங்க, ரெண்டு பேரும் சேர்ந்து. காலி பாட்டில் பொறக்கிக் கடையில போட்டு, அவன் பாதி, நான் பாதி. எங்கப்பா இந்த மாதிரி புத்தகத்தைக் கண்டா அடுப்புல வச்சுருவாரு. அதனால புத்தகம் அவன் வீட்டுல இருந்துச்சு. அவன் வீட்டுல இருந்துச்சுங்கிறதுக்காக அது அவனுதாயிருமா தம்பி? நீங்களே சொல்லுங்க. பாதி என்னோடதுதானே?

எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். டேய், ஏழாம் நம்பரைக் கொடுத்துரு, உன் பாதிக்கு என்ன வேணும்னாலும் வாங்கிக்க. கொடுக்க மாட்டான். வா, வந்து இங்கயே உக்காந்து படி, பாதிப் பக்கம் நீ படி, பாதிப் பக்கம் நான் படிக்கிறேன்னு கிண்டல் பண்ணுவான். நமக்குள்ள ஒரு ஒப்பந்தம் கோடி, யாரு முதல்ல போறமோ, புத்தகம் அடுத்தவனுக்கு. இதைச் சொல்லிட்டுச் சிரிப்பான். அவன் சிரிச்சா பக்கத்துக் கடையில கேக்கும். அப்படி ஒரு தொண்டை அவனுக்கு.

அந்தத் தொண்டையிலதான் வந்துச்சு.

போன வருஷம் ஆடி மாசம். பேசுனா கரகரங்குது, முழுங்குனா வலிக்குதுன்னான். பார்த்தா கட்டி. உடனே அறுத்து எடுத்துட்டா பொழைச்சுக்கலாம்னு மதுரையில ஒரு டாக்டர் சொல்லிட்டாரு. பெரியாஸ்பத்திரியிலன்னா வரிசை, ஆளு ஏகப்பட்டது, நம்ம முறை எப்ப வரும்னு தெரியாது. வெளிய பண்ணணும்னா காசு. காப்பீட்டு அட்டை பாதிக்குத்தான் ஆகும். கடையை வித்தாலும் பத்தாது, அது வாடகைக் கடை. அப்ப என்கிட்ட வந்தான். பையில இந்தப் புத்தகம். கோடி, இதை வித்துரலாம்டா, உன் பாதியை அப்புறமா கொடுத்துர்றேன்னான்.

எனக்கு எப்படி இருக்கும் தம்பி? இத்தனை வருஷமா கேட்டப்ப கொடுக்கலை. இப்ப எவனோ ஒருத்தனுக்கு விக்கப் போறான். காரைக்குடியில வள்ளியப்பன்னு ஒருத்தர், நம்ம குரூப்புதான், பர்மா தேக்குல அலமாரி செஞ்சு காமிக்ஸ் வச்சிருக்கிற பெரிய மனுஷன். அவருக்கு இவன் நேராவே போட்டோ அனுப்பிட்டான். அவரும் ஒரு விலை சொல்லிட்டாரு. நான் முன்னாடி சொன்னேனே, அந்த விலை. ஆபரேஷனுக்கு ஆகி, மருந்து மாத்திரைக்கும் மிச்சம் நிக்கும். ஆனா ஒரே ஒரு வார்த்தை, தனுஷ்கோடி அண்ணன் பார்த்து அசல்னு சொல்லிட்டா மறுநாளே பணம்னு குரூப்புல போட்டாரு.

நான் ஒரே ஒரு வரிதான் போட்டேன். ஞானம் வச்சிருக்கிறது பின்னாடி அடிச்சது, நான் கையில வாங்கிப் பார்த்தவன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? வியாபாரம் தம்பி. நான் என்ன அவனைச் சாகவா சொன்னேன்? என் கணக்கு வேற. போலின்னு சொல்லிட்டா எவனும் தொட மாட்டான். வள்ளியப்பன் ஒதுங்குவாரு. ஞானம் ரெண்டு வாரம் பார்ப்பான், இறங்கி வருவான். அப்ப நான் சொல்லுவேன், சரிடா, எனக்குத் தெரியும், நீயும் நானும் சேர்ந்து வாங்குனது, நானே எடுத்துக்கிறேன், இந்தா உன் பாதிக்கு இவ்வளவு. என்னால முடிஞ்சது கொடுத்திருப்பேன். மீதிக்கு அவன் எங்கயாவது பொரட்டியிருக்கலாம். சொந்தக்காரங்க இல்லையா, சபை இல்லையா, மாதா கோயில் இல்லையா? என் தலையிலயே எல்லாம் விடியணுமா?

அவன் என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடுவான்னு நினைச்சேன். சத்தம் வரலை, கொரல் போயிருச்சு அப்பவே. காத்து மாதிரி பேசுனான். கோடி, நாம ரெண்டு பேரும் சேர்ந்துதானேடா வாங்குனோம், அதெப்படிடா போலியாகும்னான். நான் மூஞ்சியைப் பார்க்காம சொன்னேன், உங்க வீட்டுல எத்தனை தடவை வெள்ளையடிச்சீங்க, எத்தனை பேருக்கு இரவல் கொடுத்த, எப்பவோ மாறிப்போயிருக்கும்டா, தாள் வேற தாள்டா இது. அவன் புத்தகத்தைப் பையில இருந்து எடுத்தான். முதல் பக்கத்தை விரிச்சான், என்கிட்ட நீட்டுனான், இதைப் பாருன்னு. நான் பார்க்கலை. பிரிக்காதடா, முதுகு வெடிக்கும்னு சொன்னேன். மூடிட்டான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

இறங்கி வரலை தம்பி. அதான் எனக்கு ஆத்திரம். ஒரு வார்த்தை, கோடி நீயே எடுத்துக்கன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அவ்வளவு வீம்பு! நான் தினமும் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவன் பேசாம போய்ப் பெரியாஸ்பத்திரியில வரிசையில உக்காந்துட்டான். அவங்களும் நல்லாத்தான் பார்த்தாங்க, குறை சொல்லக்கூடாது. ஆனா முறை வர்றதுக்குள்ள கழுத்துப் பக்கமெல்லாம் பரவிருச்சு. இனிமே அறுக்க முடியாதுன்னுட்டாங்க. நானா அவனுக்கு அந்த நோயைக் கொடுத்தேன்? விதி தம்பி. அவன் விதி.

போய்ப் பார்த்தேனே, பார்க்காம இருப்பேனா? ரெண்டு சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். மூக்குல குழாய் வச்சிருந்தாங்க, அவனால எப்படிச் சாத்துக்குடி தின்ன முடியும்னு எனக்குத் தோணலை. அவன் சம்சாரம் அமலோற்பவம், நான் தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன், அது வாங்கி ஜன்னல்ல வச்சுச்சு. இவன் பேச முடியாம கையால ஏதோ காட்டுனான். புத்தகம் பிரிக்கிற மாதிரி. ரெண்டு கையையும் சேர்த்து வச்சு விரிச்சு விரிச்சுக் காட்டுனான். ஏதோ படிக்கக் கேக்குறான்னு நினைச்சேன். அப்புறம் கண்ணை மூடிட்டான். அவ்வளவுதான்.

சிங்கம்புணரி தாண்டியாச்சா? சீக்கிரமா வந்துட்டான் இவன். பறக்க விடுறான் பாருங்க, வேகத்தடையில ஏறுனா பை குலுங்குது.

நேத்து அவனுக்கு முப்பதாம் நாள் பூசை, போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கும் போய் மெழுகுவர்த்தி வச்சுட்டு வீட்டுக்கு வந்தோம். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்புன பிறகு அமலோற்பவம் உள்ள போய் இந்த மஞ்சப்பையை எடுத்துட்டு வந்துச்சு. அண்ணே, அவரு எழுதிக் காட்டிட்டுப் போனாரு, முதல்ல போறவரு புத்தகம் அடுத்தவருக்குன்னு உங்களுக்குள்ள ஏதோ பேச்சாமே. எப்படியும் விலை போகாதுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்க. உங்ககிட்டயாவது இருக்கட்டும். சொல்லிட்டு அது பாட்டுக்குப் பாத்திரம் கழுவப் போயிருச்சு. ரெஜினா நின்னுக்கிட்டே இருந்துச்சு. நான் பையை வாங்கவும் முதுகைக் காட்டிக்கிட்டு உள்ள போயிருச்சு. அந்தப் பிள்ளைக்கு எப்பவுமே மரியாதை கம்மி.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம் தம்பி. சந்தோஷம்தான். இல்லைன்னு சொன்னா பொய். துஷ்டி வீடுங்கிறதால முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்தேன், தெரு முக்குத் திரும்புன உடனே ஆட்டோ பிடிச்சேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு மேசையில வச்சேன். என்னென்ன பண்ணியிருக்கான்! அட்டையில ஒரு மூலை எலி கடிச்ச மாதிரி போயிருந்துச்சு. பின் ரெண்டும் துரு. துரு ஊறி நடுப்பக்கம் முழுக்கக் காவிக்கறை. மெதுவா பின்னைக் கழட்டுனேன். கறையைச் சுரண்டுனேன், ஒரு பொட்டு இல்லாம. புது பின் அடிச்சேன். அப்புறம் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பென்சில் கிறுக்கல். கழுதை, அழுத்தி எழுதியிருக்கான். மேல அவன் பேரு, அ. ஞானப்பிரகாசம். ரப்பரை எடுத்து அழிச்சேன். கை பழகுன கை, தானா போயிருச்சு. அழிச்சு முடிச்சு ஊதிவிட்டுட்டுப் பார்க்கிறேன், கீழ இன்னொரு பேரு. மா. தனுஷ்கோடி. என் பேரு தம்பி. அவன் கையெழுத்துல. அதுக்குக் கீழ, இருவருக்கும் சொந்தம், தீபாவளின்னு வருஷம் போட்டிருந்துச்சு.

கொஞ்ச நேரம் ரப்பரைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். இதைத்தான் நீட்டுனான் அன்னைக்கு. இதைப் பாருன்னு.

ஆனா பேரு இருந்தா விலை பாதி. என் பேரா இருந்தாலும் பேரு பேருதானே? அதையும் அழிச்சேன். நல்லா அழுத்தியே அழிச்சேன்.

இன்னைக்குக் காலையில வள்ளியப்பன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெரிய வீடு, முற்றம், தூணு. வாங்கண்ணே வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சாரு. ஏழாம் நம்பர் அசல் ஒண்ணு கிடைச்சிருக்கு, வேற இடத்துல, ஒரு பழைய பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுலன்னு சொன்னேன். பளிச்சுன்னு இருந்த புத்தகத்தை எடுத்துக் கையில கொடுத்தேன். மனுஷன் அட்டையைப் பார்த்தாரு, உடனே போனை எடுத்தாரு. ஞானம் அனுப்புன போட்டோவை இன்னும் வச்சிருக்காரு. அட்டை மூலையில அந்த எலி கடிச்ச இடம், அதே இடம். அண்ணே, இது அந்தப் பிரேம் கடைக்காரர் புத்தகமில்லையா? நீங்க போலின்னு சொன்னதுதானே?

என்ன பண்றது? சொல்லிட்டேன். அப்ப நான் சொன்னது சும்மா சொன்னது, இது அசல்தான், சத்தியமா அசல், நானே சின்ன வயசுல வாங்குனது. அவரு என்னையே பார்த்தாரு. அப்ப சொன்னது பொய்யின்னா, இப்ப சொல்றதை எதை வச்சுண்ணே நம்புறதுன்னாரு. சரி, பழசுங்கிறதுக்கு ஒரு அடையாளம் காட்டுங்கன்னாரு. பின்னைத் தடவிப் பார்த்தாரு, புதுசு. நடுப்பக்கத்தைப் பார்த்தாரு, துருக்கறை இல்லை. முதல் பக்கத்தைப் பார்த்தாரு. இவ்வளவு சுத்தமா எந்தப் பழைய புத்தகம்ணே இருக்கும், அந்தக் காலத்துப் பசங்க பேரு எழுதாம ஒரு புத்தகத்தை வச்சிருப்பாங்களா, ஒரு எழுத்து இருந்தா கூட நான் யோசிப்பேன்னாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, இருந்துச்சு, நேத்துதான் அழிச்சேன்னு. சொன்னா நம்புவாரா? சிரிப்பாரு.

அப்புறம் கேட்டாரு, அந்த மனுஷன் எப்படி இருக்காரு, ஆபரேஷன்னு சொன்னாரேன்னு. போயிட்டாருன்னேன். அவ்வளவுதான். எந்திரிச்சுட்டாரு. அசல்னு நீங்க சொல்லியிருந்தா மறுநாளே பணத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனேன்னு சொன்னாரு. சொல்லிட்டு வாசல் கதவைத் திறந்து விட்டாரு. ஒரு வாய் காபி கூடக் கொடுக்கலை தம்பி. செட்டிநாட்டு விருந்தோம்பல்னு பேசுறாங்க. திண்டுக்கல்ல இருந்து மூணு மணி நேரம் பஸ்ஸுல வந்தவனுக்கு ஒரு வாய் காபி. குரூப்புலயும் என்னத்தையோ எழுதிட்டாரு போல, போன் அதுல இருந்து டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் எடுத்துப் பார்க்கலை.

நீங்க ஏன் தம்பி எந்திரிக்கிறீங்க? நத்தம் இன்னும் வரலையே. முன்னாடி சீட்டு காலியா இருக்கா? இருக்கட்டும், இருக்கட்டும். ஒரே ஒரு உதவி, அப்புறமா போய் உக்காந்துக்கங்க. உங்களுக்குச் சின்ன வயசு, கண்ணு நல்லாத் தெரியும். எனக்கு ஒரு கண்ணுல புரை.

இந்தாங்க, பிடிங்க. பரவாயில்லை, வெறுங்கையாலயே பிடிங்க. முதல் பக்கத்தை விரிங்க. வெடிச்சா வெடிக்கட்டும். ஷட்டரைத் தூக்குங்க, நல்லாத் தூக்குங்க, வெயில் படட்டும். டாக்டருங்க ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பாங்கல்ல, அப்படிச் சாய்ச்சுப் பிடிங்க. அழுத்தி எழுதுவான் தம்பி அவன், பென்சில் போனாலும் பள்ளம் இருக்கும். மேல, வலது பக்கமா. தெரியுதா? என்ன தெரியுது, சொல்லுங்க.

ஞா. ஆமா. ஞானப்பிரகாசம். அதான். அதான் தம்பி! இருக்குல்ல?

அதுக்குக் கீழ? அதுக்குக் கீழ பாருங்க. ஒண்ணும் இல்லையா? நல்லாச் சாய்ச்சுப் பாருங்க. அவன் பேரை மட்டும் அழுத்தி எழுதிக்கிட்டான் பாருங்க, திருட்டுப்பய. எப்பவும் அப்படித்தான்... இல்லை இல்லை, இருந்துச்சு. விரலை வச்சுத் தடவிப் பாருங்க. மா, அப்புறம் தனுஷ்கோடி. இருவருக்கும் சொந்தம்னு இருக்கும். கண்டக்டர், நத்தத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க, இந்தத் தம்பி இறங்கணும், ஒரு நிமிஷம். பாருங்க தம்பி. அவன் எழுதியிருந்தான். நான் என் கண்ணால பார்த்தேன்.